டீம் பிரிக்கும்போது கடைசியாக நிற்கும் குழந்தை: பி.டி. பீரியடில் மனிதத்தன்மையை எப்படிக் கொண்டுவருவது?

இரண்டாம் வகுப்பு டீச்சர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆரம்பப் பள்ளியில் வகுப்பாசிரியை. உடற்கல்வி படித்தவள் இல்லை. எங்கள் பள்ளியில் தனியாக பி.டி. ஆசிரியர் இல்லாததால் என் வகுப்பின் பி.டி. பீரியடையும் நானே பார்க்கிறேன். 38 குழந்தைகள், எல்லாம் 6, 7 வயது. வாரத்துக்கு இரண்டு பீரியட்.

போன வாரம் பந்து விளையாட இரண்டு பேரைக் கேப்டனாக்கி, "ஒவ்வொருத்தரா கூப்பிட்டு டீம் பிரிச்சுக்குங்க" என்று விட்டுவிட்டேன். நாங்கள் படிக்கும்போதும் அப்படித்தான் பிரிப்பார்கள், அதனால் எனக்கு அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்றே தோன்றவில்லை. எல்லோரும் போய்ச் சேர்ந்தபிறகு ஒரு பெண் குழந்தை மட்டும் நடுவில் நின்றாள். கேப்டன் பையன் அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை, வா என்று கையை மட்டும் ஆட்டினான். அவள் தலையைக் குனிந்துகொண்டே போனாள். அடுத்த பி.டி. பீரியடில் வயிறு வலிக்கிறது என்று டெஸ்க்கில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். வயிற்றுவலி இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்பு, விட்டுக்கொடுத்தல், மற்றவரை மதித்தல் எல்லாம் விளையாட்டு வழியாகக் குழந்தைக்கு வர வேண்டும் என்று பாடத்திட்டம் சொல்கிறது. நானும் ஒவ்வொரு பீரியட் முடிவிலும் எல்லோரையும் உட்காரவைத்து ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசுகிறேன். "சரிங்க டீச்சர்" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள், எழுந்து வரிசையில் நிற்பதற்குள் ஒருத்தன் இன்னொருத்தனைத் தள்ளிவிடுகிறான்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இந்த வயதில் போட்டியே வைக்கக் கூடாதா? 'அவுட்' ஆகும் விளையாட்டுகளை என்ன செய்வது? பேசிப் புரியவைப்பது அல்லாமல் வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

22 வருட பி.டி. மாஸ்டர்

டீச்சர், முதலில் அந்த ஐந்து நிமிடப் பேச்சை நிறுத்துங்கள். கோபமாகச் சொல்லவில்லை, நானும் பத்து வருடம் அதைச் செய்தவன். குழந்தை உங்கள் பேச்சிலிருந்து கற்றுக்கொள்வதைவிட விளையாட்டின் விதியிலிருந்துதான் அதிகம் கற்றுக்கொள்கிறது. "எல்லோரும் சமம்" என்று வாயால் சொல்லிவிட்டு, கேப்டனை விட்டு ஆள் பொறுக்கச் சொன்னால், யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 38 பேர் முன்னால் வரிசைப்படுத்திக் காட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பேச்சும் எடுபடாது.

டீம் பிரிக்க ஆயிரம் வழி இருக்கிறது. கலர் ரிப்பன் கொடுங்கள், பிறந்த மாதத்தை வைத்துப் பிரியுங்கள். "பக்கத்தில் இருப்பவரோடு முதுகோடு முதுகு ஒட்டி நில்லுங்கள்" என்று சொல்லி, அந்த ஜோடியில் ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம் என்று அனுப்புங்கள். அரை நிமிட வேலை. யாரும் கடைசியாக நிற்க மாட்டார்கள்.

அவுட் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம் இது. பந்தால் அடித்து அவுட்டாக்கும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யார் முதலில் வெளியே போவார்கள்? ஓடத் தெரியாத குழந்தை, பருமனான குழந்தை, பந்தைக் கண்டு பயப்படும் குழந்தை. அதாவது யாருக்கு ஓட்டமும் பழக்கமும் அதிகம் தேவையோ அவர்களைத்தான் சுவரோரம் உட்காரவைக்கிறோம், நன்றாக ஓடுகிறவனுக்கு இன்னும் பத்து நிமிடம் ஓடக் கொடுக்கிறோம். 5 வயது முதல் 17 வயது வரையுள்ளவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமானது முதல் கடுமையானது வரையான உடலியக்கத்தில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. நம் பீரியடில் சுவரோரம் கழியும் நேரத்தை ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

ரிலேகூட அப்படித்தான். பத்துப் பேர் ஒரு வரிசை, ஆளுக்கு 20 விநாடி ஓட்டம் என்றால் ஒரு குழந்தை 20 விநாடி ஓடிவிட்டு 3 நிமிடம் நிற்கிறது. அந்த 3 நிமிடத்தில்தான் தள்ளுமுள்ளு வருகிறது. குழந்தைகள் கெட்டவர்கள் என்பதால் தள்ளுவதில்லை, சும்மா நிற்கவைத்ததால் தள்ளுகிறார்கள். நீல் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியர் 1992இல் பள்ளிகளில் வைக்கக் கூடாத விளையாட்டுகள் என்று ஒரு அவமானப் பட்டியலே போட்டார். பந்தால் அடிக்கும் ஆட்டம், மியூசிக்கல் சேர், ரிலே மூன்றும் அதில் இருக்கின்றன. ரிலேயை முழுக்க ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வரிசைக்கு மூன்று பேர் வைத்தால் நன்றாகவே போகிறது.

இப்போது ஒரு கயிறு எடுங்கள். மஸ்கா மோஸ்டன் என்ற உடற்கல்வி அறிஞர் 1960களில் சொல்லிக்கொடுத்த முறை இது. இரண்டு பேர் கயிற்றை முழங்கால் உயரத்தில் நேராகப் பிடிக்க, எல்லோரும் தாண்டுகிறார்கள். கொஞ்சம் உயர்த்தினால் நாலு பேர் அவுட். இன்னும் உயர்த்தினால் பாதிப் பேர் அவுட். கடைசியில் ஒருத்தன் மட்டும் தாண்ட, மீதி 37 பேர் பார்வையாளர்கள். சரி, அதே கயிற்றின் ஒரு முனையைத் தரையிலும் மறு முனையை இடுப்பு உயரத்திலும் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தையும் தனக்கு முடிந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தாண்டும். யாரும் அவுட் இல்லை. ஆனால் சுலபமும் இல்லை, ஏனென்றால் தாழ்ந்த இடத்தில் தாண்டிய குழந்தை இரண்டாவது முறை யாரும் சொல்லாமலே உயரமான பக்கமாக ஒரு எட்டு நகர்ந்து நிற்கும். நான் பார்த்த எல்லா வகுப்பிலும் இது நடந்திருக்கிறது. எவ்வளவு உயரம் என்பதை முடிவு செய்யும் உரிமை குழந்தை கையில் இருக்கிறது, அந்த உரிமையைக் கொடுப்பதுதான் மரியாதை.

மியூசிக்கல் சேரையும் மாற்றலாம். கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஆர்லிக் என்பவர் இப்படி மாற்றிய விளையாட்டுகளைத் தொகுத்து 1978இல் புத்தகமாகவே போட்டார். பாட்டு நின்றதும் நாற்காலியை எடுப்பீர்கள், ஆனால் ஆளை எடுக்க மாட்டீர்கள். கடைசியில் இரண்டு மூன்று நாற்காலியில் எல்லோரும் எப்படியாவது தொற்றிக்கொள்ள வேண்டும். விழாமல் பிடித்துக்கொள்ள ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்தே ஆக வேண்டும். 38 பேரை ஒரே வட்டமாக வைக்காதீர்கள், எட்டு எட்டுப் பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள், நாற்காலிக்குப் பதில் வளையமோ சாக்பீஸில் போட்ட வட்டமோ போதும்.

இன்னொன்று. தண்டனையாகக் கிரவுண்டைச் சுற்றி ஓடவிடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஓட்டம் என்றால் தண்டனை என்று 6 வயதில் பதிந்துவிட்டால் அதை அழிக்கவே முடியாது.

ஒரு அப்பா

நான் ஆசிரியர் இல்லை. என் மகனுக்கு இடது காலில் பலம் குறைவு, நடப்பான், ஓடினால் விழுவான். முன்பு படித்த பள்ளியில் இரண்டு வருடம் அவனுக்கு பி.டி. பீரியடில் கிடைத்த ஒரே வேலை ஸ்கோர் எழுதுவது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "அவனையும் சேர்த்துக்கிட்டோம்ல, சந்தோஷமாத்தானே இருக்கான்" என்றார்கள். ஒரு நாள் இரவு படுக்கும்போது கேட்டான், "அப்பா, நான் எப்பவுமே எழுதுறவன்தானா?" என்று. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் வேறு பள்ளியில் சேர்த்தோம். அங்கே இருந்த பி.டி. மிஸ் முதல் நாள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அவனிடம்தான் கேட்டார்: "உனக்கு எது பிடிக்கும், எது கஷ்டமா இருக்கும்?" 7 வயதுக் குழந்தை அவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வான் என்று நான் நினைத்ததே இல்லை. திரும்பி ஓடுவதுதான் கஷ்டம், நேராகப் போவது பரவாயில்லை, பந்தை உருட்டினால் பிடிப்பேன், தூக்கிப் போட்டால் பயம் என்றான்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன், மற்ற பெற்றோருக்கும் உதவும். ஒரு குழந்தையால் ஒரு விளையாட்டை ஆட முடியவில்லை என்றால் நான்கு இடத்தில் கை வைத்துப் பார்க்கலாமாம்: ஆடும் இடம், செய்யும் வேலை, கையாளும் பொருள், கூட ஆடும் ஆட்கள். இடத்தைச் சின்னதாக்கலாம். ஓடுவதற்குப் பதில் நடக்கச் சொல்லலாம். கனமான பந்துக்குப் பதில் மெதுவாக வரும் பெரிய மென்பந்து கொடுக்கலாம். ஐந்துக்கு ஐந்து என்பதை மூன்றுக்கு மூன்று ஆக்கலாம். இதில் ஏதாவது ஒன்றை மாற்றினாலே பெரும்பாலும் போதும். ஆனால் மாற்றத்தை அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் செய்யாமல் முடிந்தவரை எல்லோருக்கும் செய்வார். "இன்னைக்கு எல்லாரும் நடந்துதான் பிடிக்கணும், ஓடக் கூடாது" என்பார். மற்ற குழந்தைகளுக்கு அது ஒரு புது விளையாட்டு, என் மகனுக்கு அது முதல் விளையாட்டு.

உடற்கல்வி, விளையாட்டு பற்றி 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட சாசனத்தின் முதல் பிரிவே உடற்கல்வி எல்லோருக்கும் அடிப்படை உரிமை என்கிறது. 2015இல் அதைத் திருத்தியபோதும் அதை விடவில்லை. எனக்கு இதைப் படித்தபோது கண் கலங்கியது, ஏனென்றால் அதுவரை நான் பள்ளியில் சலுகை கேட்பது மாதிரிதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டீச்சர், அந்தப் பெண் குழந்தையிடம் ஒரு தடவை தனியாகக் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், அது அவளுக்கு வலிக்கும். எது பிடிக்கும் என்று மட்டும் கேளுங்கள்.

தடகளப் பயிற்சியாளர்

மேலே எழுதியவர்கள் மேல் மரியாதை வைத்துக்கொண்டே ஒரு மாற்றுக்கருத்து. போட்டி இல்லாத விளையாட்டு என்று சொல்லிச் சொல்லிக் குழந்தைகளைப் பஞ்சில் பொத்தி வைக்கிறோமோ என்று எனக்குக் கவலை. நீங்கள் ஸ்கோர் எழுதாவிட்டாலும் குழந்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருக்கும். தோற்றால் அழுவதும், அழுதபிறகு எழுந்து ஜெயித்தவனுக்குக் கை கொடுப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயங்கள்தான். தோற்கவே விடாமல் வளர்த்தால் அதை எப்போது கற்றுக்கொள்வார்கள்?

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்டில் உயரம் தாண்டுதல் இறுதிப்போட்டியை என் பிள்ளைகளுக்கு அடிக்கடி காட்டுவேன். கத்தார் வீரர் பர்ஷிம், இத்தாலி வீரர் தம்பேரி இரண்டு பேரும் 2.37 மீட்டர் தாண்டி, 2.39இல் இரண்டு பேருமே தவறவிட்டு, சமநிலையை உடைக்க மேலும் தாண்டலாம் என்று நடுவர் சொன்னபோது, இரண்டு தங்கம் கொடுக்க முடியுமா என்று பர்ஷிம் கேட்டார். கொடுத்தார்கள். அந்த நட்பு போட்டியை விட்டு ஓடியதால் வரவில்லை, பல வருடம் ஒருவரோடொருவர் போட்டியிட்டதால் வந்தது. அதனால் போட்டியை எடுத்துவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

22 வருட பி.டி. மாஸ்டர்

சார், நீங்கள் சொன்ன உதாரணம் எனக்கும் ரொம்பப் பிடித்தது. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் வளர்ந்தவர்கள், காயம் பட்டு மீண்டு வந்தவர்கள், தோல்வி என்றால் என்ன என்று தெரிந்தவர்கள். இங்கே பேச்சு 6 வயதைப் பற்றி.

ஜான் நிக்கோல்ஸ் என்ற உளவியலாளர் 1970களின் கடைசியில் குழந்தைகளிடம் ஆராய்ந்து சொன்ன ஒரு விஷயம் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு முயற்சி வேறு, திறமை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. யார் ரொம்ப முயற்சி பண்ணுகிறார்களோ அவர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று அது நம்புகிறது. ஏறக்குறைய 11, 12 வயது ஆகும்போதுதான் "நான் எவ்வளவு முயன்றாலும் அவன் அளவுக்கு வராது" என்ற எண்ணம் முழுசாகப் பிடிபடுகிறது. என் வாழ்க்கையில் நான் பார்த்ததும் அதேதான். இரண்டாம் வகுப்பில் எல்லோரும் ஓடுவார்கள், ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் மரத்தடியில் நிற்பார்கள். இந்தச் சின்ன வயசு நம்பிக்கை உயிரோடு இருக்கும் வருடங்களில் அதற்குத் தீனி போட வேண்டும், நாமே முந்திக்கொண்டு போய் அதை உடைக்கக் கூடாது. தோல்வியைத் தாங்கக் கற்றுக்கொள்வது வேண்டும்தான், நேற்றைய தன்னோடு போட்டி போட்டுக்கூட அதைக் கற்கலாம். "போன தடவை பந்தை எத்தனை முறை கீழே விடாமல் தட்டினாய்? இன்றைக்கு எத்தனை?" இதிலும் தோல்வி உண்டு. ஆனால் 37 பேர் பார்க்கத் தோற்பது இல்லை.

இரண்டு டீம் ஆடும் ஆட்டமும் வைக்கலாம், நான் வைக்கிறேன். ஆட்டத்தைச் சின்னதாக வையுங்கள், மூன்று நிமிடம் போதும், முடிந்ததும் ஆட்களைக் கலைத்துவிடுங்கள். அடுத்த ஆட்டத்தில் எதிரியாக இருந்தவன் கூட்டாளி ஆகிவிடுவான். அரை மணி நேரத்தில் ஒரு குழந்தை நாலு தடவை ஜெயித்து நாலு தடவை தோற்றால், எதற்கும் ரொம்ப அழ மாட்டான், எதற்கும் ரொம்பத் துள்ள மாட்டான்.

தடகளப் பயிற்சியாளர்

ஒத்துக்கொள்கிறேன். டீமைக் கலைப்பது நல்ல யோசனை, நான் செய்ததில்லை. 6 வயதுக்கும் 14 வயதுக்கும் நான் ஒரே அளவுகோல் வைத்துப் பேசிவிட்டேன்.

ஃபிரிஸ்பீ ஆடுகிறவள்

சண்டை பற்றி மட்டும் சொல்கிறேன். "தொட்டேன்", "தொடலை" என்ற சண்டைதானே பாதி பீரியடைத் தின்கிறது? நாம் விசில் ஊதித் தீர்ப்புச் சொல்கிறோம். அப்படிச் சொல்லும்போதெல்லாம் உண்மையைப் பேசும் வேலை குழந்தையிடமிருந்து நம் கைக்கு வந்துவிடுகிறது.

நான் ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பீயில், அதாவது பறக்கும் தட்டை எறிந்து பிடித்து இரண்டு டீம் ஆடும் ஆட்டத்தில், நடுவர் கிடையாது. உலகப் போட்டிகளில்கூட ஃபௌலை ஆடுபவர்களே சொல்ல வேண்டும், எதிராளி ஒத்துக்கொண்டால் சரி, ஒத்துக்கொள்ளாவிட்டால் தட்டு எறிந்தவரிடமே திரும்பிப் போகும், அந்த எறிதல் திரும்ப ஆடப்படும். இதை ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் வைத்துப் பார்த்தேன். விதி இவ்வளவுதான்: சண்டை வந்தால் இரண்டு பேரும் பேச பத்து எண்ணும் வரை நேரம், முடிவாகவில்லை என்றால் அந்த ஆட்டம் மறுபடி. முதல் வாரம் எல்லாமே மறுபடி ஆட வேண்டியிருந்தது, எனக்கே வெறுத்துவிட்டது. மூன்றாவது வாரம் ஒரு பையன் தானே கையைத் தூக்கி "என்னைத் தொட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்வதால் ஒன்றும் ஆகிவிடாது என்று தெரிந்ததும் பயம் போய்விடுகிறது.

பள்ளி ஆலோசகர்

மார்க் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை, கேள்வியில் இல்லை என்றாலும் அடுத்து அதுதான் வரும். டான் ஹெலிசன் என்ற அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியர் சிக்கலான சூழலில் வளர்ந்த இளைஞர்களோடு வேலை செய்து உருவாக்கிய ஒரு படிநிலை முறை உண்டு. மற்றவரைத் துன்புறுத்தாமல் இருப்பது, முயன்று பங்கெடுப்பது, சொல்லாமலே தானாகச் செய்வது, பிறருக்கு உதவுவது, கடைசியாக இதையெல்லாம் மைதானத்துக்கு வெளியே வகுப்பிலும் வீட்டிலும் செய்வது என்று ஐந்து படி. பீரியட் முடிவில் குழந்தையே தன்னை மதிப்பிட்டுக்கொள்ளும், கட்டைவிரலை மேலே, பக்கவாட்டில், கீழே என்று காட்டி. நீங்கள் பேசும் ஐந்து நிமிடத்துக்குப் பதில் இது அரை நிமிடம். ஒன்று மட்டும் கவனம், விரலைக் கீழே காட்டிய குழந்தையைத் திட்டிவிடாதீர்கள். திட்டினால் அடுத்த நாள் எல்லா விரலும் மேலேதான் இருக்கும், அதில் ஒன்றுகூட உண்மையாக இருக்காது.

இரண்டாம் வகுப்பு டீச்சர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ரிப்பன் முறையில் டீம் பிரிக்கிறேன், அது உடனே வேலை செய்தது. வட்டத்துக்குள் எல்லோரும் ஏறும் விளையாட்டு முதல் நாள் படுதோல்வி. இரண்டு பேர் விழுந்தார்கள், ஒருத்தி அழுதாள். அடுத்த நாள் கூட்டத்தைக் குறைத்து ஆறு பேராக்கினேன், அப்புறம் பரவாயில்லை. பத்து எண்ணிப் பேசும் விதி இன்னும் வரவில்லை, இப்போதைக்கு எல்லாமே மறுபடிதான், பொறுத்துக்கொண்டு போகிறேன். கட்டைவிரல் அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு பையன் விரலைக் கீழே காட்டிவிட்டு, கூப்பிடாமலே என்னிடம் வந்து "நான் அவனைத் தள்ளினேன் டீச்சர்" என்றான். ஐந்து மாதம் நான் பேசிய பேச்சில் இது நடக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் எது பிடிக்கும் என்று கேட்டேன். குதிக்கப் பிடிக்கும் என்றாள். சாய்வுக் கயிறு பிடித்த அன்று முதலில் தரையோரம் தாண்டினாள், பிறகு நடு, பிறகு இன்னும் கொஞ்சம். நாலாவது தடவை கால் தட்டியது. தட்டியதும் அவள் என்னைப் பார்க்கவில்லை, திரும்பி ஓடி மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றாள். வயிற்றுவலி இப்போது இல்லை.

ஒரே ஒரு சிக்கல். வகுப்பிலேயே வேகமாக ஓடும் பையன் இப்போது சலித்துப்போய் நிற்கிறான். அன்றைக்குக் கேப்டனாக இருந்தவனே அவன்தான். மற்றவர்களுக்கு உதவச் சொன்னேன், இரண்டு நாள் செய்தான், மூன்றாம் நாள் "நான் எப்ப விளையாடுறது?" என்று கேட்டான். அவன் கேட்பதும் நியாயம்தானே?

22 வருட பி.டி. மாஸ்டர்

முழுக்க நியாயம். அவனும் 7 வயதுக் குழந்தைதான், உங்கள் உதவியாளர் இல்லை. ஸ்கோர் எழுதியே இரண்டு வருடம் போன அந்தப் பையனைப் பற்றி மேலே அவன் அப்பா எழுதியதைப் படித்தோமே, நன்றாக ஆடுகிறவனையும் நாம் அப்படி ஒரு மூலையில் நிறுத்திவிடலாம். கயிற்றின் உயரமான முனை அவனுக்காகத்தான் இருக்கிறது, அங்கே போகச் சொல்லுங்கள். அது போதவில்லை என்றால் ஒற்றைக் காலில் தாண்டட்டும், தாண்டும்போது பந்தைப் பிடிக்கட்டும், பின்பக்கமாக வந்து குதிக்க மட்டும் விடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் அவன் வேகத்துக்கு ஈடு கொடுக்கிற நாலைந்து பேரோடு சேர்த்து ஓடவிடுங்கள், தாராளமாகப் போட்டியாகவே. உதவி செய்வது எல்லோருக்கும் முறை வைத்து வரட்டும், அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கயிற்றின் உயரமான முனையைக் கம்பத்தில் கட்டாதீர்கள். கையில் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள், கால் பட்டதும் விட்டுவிட வேண்டும். தரை மண்ணாகவோ புல்லாகவோ இருக்கட்டும், சிமென்ட்டில் வேண்டாம்.